கிரீன் கார்டு மட்டும் உள்ள மனைவி, பேச்சுப் பயிற்சியில் உள்ள குழந்தை, ஜெர்மனிக்குப் பணிமாற்றம்: எதில் தொடங்குவது?

திருமங்கலத்துப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் ஸ்டாஃப் சார்ஜென்டாக இருக்கிறார். தேவையான மொழி அறிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க 2009இல் ஆளெடுப்பு தொடங்கி 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தின் கீழ், தமிழ் அறிந்தவர் என்ற தகுதியில் சேர்ந்து, பயிற்சிக் காலத்திலேயே குடியுரிமை பெற்றவர். எங்கள் திருமணம் மதுரையில் நடந்தது. நான் கிரீன் கார்டு வாங்கி இன்னும் இரண்டு வருடம் நிறையவில்லை. கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். எங்கள் மகன் எல் பாசோவில் பிறந்தவன், அடுத்த கோடையில் மூன்று வயது முடியும். பேச்சு சற்றுத் தாமதமாக வருவதால் வாராவாரம் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறோம்.

இப்போது எல் பாசோவில் உள்ள ஃபோர்ட் பிளிஸ் முகாமிலிருந்து ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பகுதிக்கு மாற்றம் என்று சொல்லியிருக்கிறார்கள். முறையான ஆணை இன்னும் கைக்கு வரவில்லை. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இரு வீட்டுப் பெரியவர்களும், "அவன் போய் வீடு பார்த்து அழைக்கட்டும், நீ வேலையை விடாமல் அங்கேயே இரு" என்கிறார்கள். அவருடைய பிரிவில் இருப்பவர்களோ சாமான் எடை, கார் அனுப்புவது, நாய் பூனை ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைப் போல் வேற்று நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மனைவிக்கு என்ன நடக்கும் என்று கேட்டால் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. சேர்ந்து போவதா, பின்னால் போவதா, எந்தக் காகிதத்தை முதலில் கையில் எடுப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர் எழுதியது:

பதில் எழுதும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். படைப்பிரிவின் பெயர், புறப்படும் தேதி, விமான விவரம், ஆணையின் படம் எதையும் இங்கே இட வேண்டாம். தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம்.

லாண்ட்ஸ்டூல் அக்கா எழுதியது:

தங்கச்சி, நாங்கள் இங்கே இரண்டாவது முறையாக இருக்கிறோம். இந்தப் பகுதி அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மிகப் பெரிய அமெரிக்க ராணுவச் சமூகம். ராம்ஸ்டைன் விமானத் தளமும் லாண்ட்ஸ்டூல் மருத்துவமனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே "அங்கே போய் என்ன செய்வோம்" என்ற பயம் வேண்டாம். பயப்பட வேண்டிய இடம் வேறு.

அவருடைய ஆணையில் உங்கள் பெயரும் மகன் பெயரும் ஏறுகிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கமாண்ட் ஸ்பான்சர்ஷிப் என்று சொல்வது இதைத்தான். குடும்பம் அரசின் பொறுப்பில் அந்த நாட்டில் வாழ ராணுவம் கொடுக்கும் சம்மதம் அது. அந்தச் சம்மதம் இருந்தால் அவருடைய பணிக்காலம் ஜெர்மனியில் 36 மாதம்; குடும்பம் இல்லாமல் போனால் 24 மாதம். அது இருந்தால்தான் உங்களுக்கும் மகனுக்கும் டிரைகேர் பிரைம் ஓவர்சீஸ் என்ற ராணுவ மருத்துவக் காப்பீட்டில் இடம் உண்டு. ராணுவப் பள்ளியில் கட்டணமில்லாத உறுதியான இடம் கிடைப்பதும், உங்கள் விமானச் செலவையும் குடும்பத்துக்கான சாமான் எடையையும் அரசு ஏற்பதும், வாடகைப் படியைக் குடும்பத்தோடு இருப்பவருக்கான விகிதத்தில் கணக்கிடுவதும் அதை வைத்துத்தான். சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்துவிட்டு, பிறகு ஸ்பான்சர்ஷிப் கேட்டு அலைந்த குடும்பங்களை இங்கே பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் மருத்துவத்துக்கும் வழியில்லாமல், நாட்டில் எந்த நிலையில் தங்கியிருக்கிறோம் என்பதும் தெரியாமல் அந்தப் பெண்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

"முதலில் அவன் போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது, அதைப் பிரித்துப் பாருங்கள். ஸ்பான்சர்ஷிப் கிடைத்த பிறகு, வீடு அமையும் வரை குடும்பம் சற்றுத் தாமதித்துப் புறப்படுவது ஒன்று. இது நடைமுறையில் உள்ள வழிதான், ஆணையில் உங்கள் பெயரும் இருக்கும். ஸ்பான்சர்ஷிப்பே கேட்காமல் அவரைத் தனியாக அனுப்பிவிட்டு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாதீர்கள். தனிப்பணிக்காலத்தை அவரே விரும்பித் தேர்ந்தெடுத்ததாகப் பதிவானால், அதற்காகக் குடும்பப் பிரிவுப் படியும் கிடைக்காது.

சட்டமேசை எழுதியது:

நான் வழக்கறிஞர் அல்லன். குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். அக்கா சொன்ன ஆணை விஷயத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. நீங்கள் அதை அறிந்துகொள்ள வேண்டும்.

குடியுரிமை பெற்றவரை மணந்த கிரீன் கார்டுதாரர் வழக்கமாக மூன்று ஆண்டுகள் காத்திருந்துதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். ஆனால் குடியேற்றச் சட்டத்தின் 319(பி) பிரிவு, வெளிநாட்டில் பணியமர்த்தப்படும் அமெரிக்க அரசு ஊழியர்கள், படையினர் ஆகியோரின் மனைவிக்கோ கணவருக்கோ அந்தக் காத்திருப்பை முழுவதுமாக நீக்கிவிடுகிறது. கிரீன் கார்டு கையில் இருக்க வேண்டும், அவருடன் சென்று வெளிநாட்டில் வாழப்போகிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டும், அவர் பணி முடிந்ததும் அமெரிக்காவுக்குத் திரும்பி வாழும் எண்ணம் இருக்க வேண்டும். குறைந்தபட்ச வசிப்புக் காலம் என்று எதுவும் கிடையாது. இந்தப் பிரிவின் கீழ் நேர்காணலும் உறுதிமொழியும் அமெரிக்க மண்ணில் நடக்க வேண்டும் என்பதால், புறப்படுவதற்கு முன்பே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தைத் தாக்கல் செய்வது நல்லது. அதனுடன் டிடி 1278 என்ற ராணுவச் சான்றிதழை இணைப்பார்கள். நீங்கள் கணவருடன் வெளிநாட்டுக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டவர் என்று படைத்தரப்பு உறுதிசெய்யும் காகிதம் அது. ஸ்பான்சர்ஷிப் இல்லாமல் அந்தச் சான்றிதழ் இல்லை. எனவே சங்கிலியின் முதல் கண்ணி அக்கா சொன்னதேதான்.

புறப்படுவதற்குள் முடியாவிட்டாலும் கதவு மூடிவிடாது. 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஆணையின் பேரில் படைவீரருடன் வெளிநாட்டில் வாழும் காலத்தை நீங்கள் அமெரிக்காவிலேயே வசித்த காலமாகக் கணக்கில் கொள்வார்கள். அப்படி வழக்கமான மூன்று ஆண்டு வகையில் வரும்போது, குடியுரிமை நடைமுறையை வெளிநாட்டிலேயே முடிக்கவும் வழி இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டு செல்லாது என்ற பொது விதியும், ஆணையின் பேரில் உடன் வாழும் மனைவியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இவை எல்லாவற்றிலும் "ஆணையின் பேரில்" என்ற சொற்கள் வருகின்றன என்பதைக் கவனியுங்கள்.

பாஸ்போர்ட் பற்றியும் ஒன்று. மகனுக்கு ராணுவம் கட்டணமில்லாப் பாஸ்போர்ட் எடுத்துத் தரும். குடிமகளாக இல்லாத உங்களுக்கு அது கிடைக்காது, இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் பயணம் செய்ய வேண்டும். அந்த நிலையில் நுழைவு விசா தேவையா என்பதை ஹூஸ்டனில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்திடமும் முகாமின் பாஸ்போர்ட் அலுவலகத்திடமும் எழுத்துமூலம் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போட்ட பிறகு கேட்கும் கேள்வி அல்ல இது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்த காலமே மீதம் இருந்தால் அமெரிக்காவிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

திருமங்கலத்துப் பெண் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று வருடக் காத்திருப்பு எனக்குப் பொருந்தாது என்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

மகனைப் பற்றி ஒரு சங்கடம். பயிற்சிக்குப் போவதை மருத்துவக் காகிதத்தில் எழுதினால், விசேஷத் தேவை உள்ளவன் என்று முத்திரை குத்தி, குடும்பத்தையே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று அவருடன் வேலை செய்பவர் பயமுறுத்தியிருக்கிறார். "பேச்சு தானாக வந்துவிடும், எழுதாமல் விட்டுவிடுங்கள்" என்பது அவர் யோசனை. என் கணவரும் அரைமனதாக அதற்குச் சாய்கிறார்.

லாண்ட்ஸ்டூல் அக்கா எழுதியது:

தயவுசெய்து அந்த யோசனையைக் கேட்காதீர்கள். இதை நான் கெஞ்சியே சொல்கிறேன்.

விசேஷத் தேவை உள்ள குடும்பத்தினருக்கான இ.எஃப்.எம்.பி. என்ற ராணுவத் திட்டத்தில் பதிவு செய்வது படைவீரரின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, கட்டாயம். வெளிநாட்டு ஆணைக்கு முன் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்கும். மகனுக்கு இருப்பது டிடி 2792 படிவத்தில் ஏறும், கல்வி சார்ந்த பகுதிக்குத் தனிப் படிவம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு "இந்தக் குழந்தைக்கு வேண்டிய சேவை போகும் இடத்தில் இருக்கிறதா" என்பதைத்தான் சரிபார்க்கிறார்கள். பேச்சுப் பயிற்சி இந்தப் பகுதியில் கிடைக்கவே கிடைக்காத ஒன்று அல்ல. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ராணுவ மருத்துவத்தின் எடிஸ் என்ற பிரிவு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறது. மூன்று வயது முடிந்தால் ராணுவப் பள்ளியின் சிறப்புக் கல்வி முன்பள்ளி ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மகன் சரியாக அந்த எல்லையில் நிற்கிறான். எந்த மாதத்தில் வந்து சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அவன் கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது மாறும். அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்துவிட்டு வந்தவர்களுக்கு என்ன ஆகிறது தெரியுமா? இங்கே மருத்துவர் முதல் முறை பார்த்ததும் எழுதிவிடுவார். சேவைக்கான இடம் நிரம்பியிருந்தால், வரிசையில் கடைசி ஆளாகக் காத்திருக்க வேண்டும். குழந்தைக்கு மிகத் தேவையான மாதங்கள் அப்படியே கரையும். நிலைமை மோசமானால் குடும்பத்தை முன்கூட்டியே திருப்பி அனுப்புவார்கள், அவர் இங்கேயே பணியைத் தொடர வேண்டியிருக்கும். பெயர் பதிவாவதால் குழந்தைக்கு எந்தக் களங்கமும் வராது. இப்போது பார்க்கும் பயிற்சியாளரிடம் இதுவரை நடந்த பயிற்சியின் குறிப்புகள், வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறான் என்ற விவரம், எந்த மொழியில் எத்தனை சொற்கள் சொல்கிறான் என்பது எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். இரண்டு மொழி கேட்கும் குழந்தைக்கு ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணி மதிப்பிட்டால் படம் தவறாகிவிடும். அந்தக் கோப்பைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே கொண்டு வாருங்கள்.

பாலைவனப் பறவை எழுதியது:

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நான் கொரியாவில் குடும்பம் இல்லாமல் ஒரு பணிக்காலம் முடித்தவன். கடினம்தான். ஆனால் என் மனைவி அந்த இடைவெளியில் செவிலியர் உரிமத்தையும் வேலையையும் தக்கவைத்துக்கொண்டார், இன்று வீட்டுக் கடனை நாங்கள் தடையில்லாமல் கட்டுவதற்கு அதுதான் காரணம். ராணுவ மனைவிகளின் வேலை ஒவ்வொரு மாற்றத்திலும் அறுந்து அறுந்து, நாற்பது வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். சகோதரிக்கு நல்ல வேலை இருக்கிறது. குழந்தைக்கு ஏற்கெனவே பழகிய பயிற்சியாளர் இருக்கிறார். 24 மாதம் என்பது 36 மாதத்தைவிடக் குறைவு. குடியுரிமைக்கும் இன்னும் ஒன்றரை வருடத்துக்குள் சாதாரண வழியிலேயே தகுதி வந்துவிடும். சேர்ந்து போவதுதான் குடும்பப் பாசத்துக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, கணக்குப் போடாமல் முடிவெடுக்க வேண்டாம்.

லாண்ட்ஸ்டூல் அக்கா எழுதியது:

தம்பி, வேலை போவது சிறிய இழப்பு என்று நான் சொல்லவில்லை. நான் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவள்தான். ஆனால் எல் பாசோவில் இந்தத் தங்கச்சிக்கு உறவினர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. முழுநேர வேலை, இரண்டரை வயதுக் குழந்தை, வாராந்திரப் பயிற்சி, இரவில் காய்ச்சல் வந்தால் தனியாளாக மருத்துவமனை. இப்படி இரண்டு வருடம் என்பதை நாம் சொல்லிவிட முடியாது, அவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் மனைவிக்குத் தாய் வீடு பக்கத்தில் இருந்ததா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பாலைவனப் பறவை எழுதியது:

இருந்தது. மாமியார் எங்களுடன்தான் இருந்தார். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன்.

சட்டமேசை எழுதியது:

வேலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே செய்யும் வேலைதானே, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். படைவீரருடன் வந்த குடும்பத்தினரின் நிலையை 1951ஆம் ஆண்டு நேட்டோ படைநிலை ஒப்பந்தமும், ஜெர்மனிக்காக 1959இல் செய்துகொண்ட துணை ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன. அவை ராணுவச் சம்பளத்தைத்தான் பாதுகாக்கின்றன. ஜெர்மன் மண்ணில் உட்கார்ந்து தனியார் நிறுவனத்துக்குச் செய்யும் வேலைக்கு வருமான வரி, சமூகக் காப்பீடு போன்ற கேள்விகள் எழும். உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் நிறுவனத்துக்கும் அந்தக் கேள்விகள் எழலாம் என்பதால் சில நிறுவனங்கள் மறுத்துவிடும். முதலில் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். அதன் பிறகு முகாமின் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் ஜெர்மன் வரி தெரிந்தவரைச் சந்தியுங்கள். சொல்லாமல் வேலையைத் தொடர்வது ஆபத்து.

முகாமுக்குள் உள்ள அரசுப் பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். புறப்படுவதற்கு முன் குடியுரிமை பெறுவது அந்தக் கதவையும் திறக்கும்.

பழைய சரக்கு அதிகாரி எழுதியது:

சாமான் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

குடும்பத்துடன் செல்லும் ஸ்டாஃப் சார்ஜெண்டுக்கு அனுமதிக்கப்பட்ட எடை 11,000 பவுண்டு. இதில் அமெரிக்காவிலேயே அரசுக் கிடங்கில் விட்டுச் செல்லும் சாமானின் எடையும் அடங்கும். மிஞ்சினால் செலவு உங்களுடையது. பெரிய குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றைக் கிடங்கில் விட்டுவிடுங்கள். முகாமுக்கு வெளியே வீடு எடுப்பவர்களுக்கு அங்குள்ள தளவாடப் பிரிவு அவற்றைக் கடனாகக் கொடுக்கும். முதன்மைச் சரக்கு கடல் வழியாக வந்து சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். அதற்கு முன்பே வரும் சிறு சரக்கில் குக்கர், இரண்டு மூன்று பாத்திரம், குழந்தையின் போர்வை, குளிருடை, அவனுக்குப் பழக்கமான விளையாட்டுச் சாமான் ஆகியவை இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் கவனம் தேவை. அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வாங்கிய 110 வோல்ட் மாவரைக்கும் கிரைண்டரைக் கொண்டுபோய் டிரான்ஸ்ஃபார்மரில் சொருகினால், அது வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50இல் மெதுவாகச் சுற்றிச் சூடாகும். ஊறிய உளுந்தைப் போட்டு முக்கால் மணி நேரம் ஓட்டினால் சுருள் கருகும் வாசனை வந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த கோயம்புத்தூர் கிரைண்டரின் அடியில் உள்ள தகட்டைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது அங்கே பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி ஓடும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். பிரிவில் உள்ள அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கிடைக்காத வசதி இது. மிக்ஸிக்கும் இதேதான்.

கார் ஒன்றை அரசுச் செலவில் அனுப்பலாம். கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும், அதை இப்போதே கேளுங்கள். அங்கே ஓட்ட அமெரிக்க உரிமத்துடன் படைத்தரப்பின் எழுத்துத் தேர்வையும் எழுத வேண்டும். அடையாளப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சிறு கிராமத் தெருக்களில் புதிதாக வருபவர்கள் மோதிக்கொள்வது இதில்தான். சாலையில் பனியோ உறைபனியோ படிந்திருக்கும்போது, மலையும் பனிச்செதிலும் பொறித்த குளிர்கால டயர் கட்டாயம். எல் பாசோ வெயிலில் ஓடிய டயரோடு நவம்பரில் அந்தச் சாலையில் இறங்காதீர்கள்.

பயணப் பையில் நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் தனிப்பட்ட முறையில் கொண்டுவரத் தடை. தாவர நலச் சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது.

மன்ஹைம் வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், நீண்ட காலமாக ஜேர்மனியில் வசிக்கிறேன். படைத்துறை நடைமுறைகள் எனக்குத் தெரியாது. வாடகை வீடு பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் புதிதாக வருகின்ற அமெரிக்கக் குடும்பங்கள் முதலில் திகைப்பது இதில்தான்.

இங்கு வெறும் வீடு என்றால் உண்மையிலேயே வெறும் வீடு. குசினியில் அடுப்பும் இராது, அலுமாரியும் இராது, சில வேளைகளில் கழுவுதொட்டியும் இராது. முன்பு இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். கூரையில் மின்குமிழ் தொங்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே விளம்பரத்தில் குசினி உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாடகையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். குளிர் வாடகை என்பது வீட்டுக்கு மட்டும். சூட்டு வாடகையில் தண்ணீர், குப்பை, பெரும்பாலும் வெப்பமூட்டல் ஆகியவற்றுக்கான முற்பணமும் சேரும். வருட முடிவில் கணக்குப் பார்த்து மேலதிகமாகக் கேட்பார்கள், முதல் குளிர்காலத்துக்குப் பின் வருகின்ற அந்தக் கடிதத்துக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். வைப்புப்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது.

எங்கள் சமையலால் வருகின்ற சிக்கலையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் யன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டுச் சோறும் குழம்பும் சமைத்தால், நீராவி சுவரில் படிந்து மூலைகளில் கரும் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டை ஒப்படைக்கும்போது வைப்புப்பணத்தில் கை வைப்பார்கள். காலையும் மாலையும் யன்னல்களை முழுதாகத் திறந்து சில நிமிடங்கள் காற்றோட விடுவது இந்த நாட்டுப் பழக்கம், வாடகை ஒப்பந்தங்களிலும் அதை எழுதியிருப்பார்கள். திறப்பு (சாவி) வாங்கும் நாளில் ஒவ்வோர் அறையின் நிலையையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் பின்னும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சத்தம் கூடாது. கிரைண்டரைச் சனிக்கிழமையே ஓட்டிவிடுங்கள்.

தமிழ்ச் சூழல் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜேர்மனியின் பல நகரங்களில் வார இறுதியில் தமிழாலயங்கள் நடக்கின்றன, அங்கு பிள்ளைக்குத் தமிழ் கேட்கவும் பேசவும் துணை கிடைக்கும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் சனம் வரும். அது உங்கள் இடத்திலிருந்து தொலைவுதான், இருந்தாலும் ஒருமுறை போய் வாருங்கள்.

கோவைத் தாய் எழுதியது:

எங்கள் இரண்டாவது குழந்தை லாண்ட்ஸ்டூலில் பிறந்தது. ஆவணங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே பிறப்பதால் ஜெர்மன் குடியுரிமை வராது. ஜெர்மன் பதிவகத்தின் பிறப்புச் சான்றிதழும், அமெரிக்கத் தூதரகத் தரப்பின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவும் வாங்க வேண்டும். பதிவகத்தில் பெற்றோரின் திருமணச் சான்றிதழைக் கேட்டார்கள். ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரையைச் சென்னையில் வாங்கியிருந்தும் எங்கள் சான்றிதழ் செல்லவில்லை. அந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஏற்காமல் ஆட்சேபித்திருப்பதால், இரு நாடுகளுக்கும் இடையே அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. ஜெர்மன் அலுவலகமே தூதரகம் வழியாக ஊரில் விசாரித்துச் சரிபார்க்கும் முறைதான் இருக்கிறது, அதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால், மதுரைப் பதிவாளர் அலுவலகத்தின் மூலச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், இரண்டிலும் பெயரும் தந்தை பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்பது ஆகியவற்றை இப்போதே பார்த்துவிடுங்கள். என் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் இருந்தது, பாஸ்போர்ட்டில் பின்னால் விரிந்திருந்தது. அந்த ஒன்றைத் தீர்க்கவே பெரும்பாடு பட்டோம்.

அம்மா அப்பாவை அழைப்பதானால் ஷெங்கன் விசா வேண்டும். 180 நாட்களில் 90 நாள் மட்டுமே தங்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு தேவை. ஊரிலிருந்து வீட்டு முகவரிக்குப் பொடி, வடகம் பார்சல் வந்தால் ஜெர்மன் சுங்கம் பார்க்கும். பரிசுப் பொருள் 45 யூரோவுக்குள் இருந்தால்தான் வரி இல்லை.

திருமங்கலத்துப் பெண் எழுதியது:

இந்த அளவுக்கு யாரும் எங்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. நேற்று இரவு கணவருடன் உட்கார்ந்து அக்காவின் பதிலையும் பாலைவனப் பறவை அண்ணாவின் பதிலையும் இரண்டு முறை வாசித்தோம். மகனின் கோப்பை மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். சேர்ந்து போவதற்கே விண்ணப்பிக்கிறோம். அண்ணா சொன்ன வேலைக் கணக்கு உண்மையானது என்பதால் நிறுவனத்துக்கு இன்று காலை கடிதம் அனுப்பிவிட்டேன்; மறுத்தால் விடுப்பாவது தருவார்களா என்றும் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. அங்கிருந்து அவரைப் போலந்துக்கோ வேறு இடத்துக்கோ பல வாரம் அனுப்பினால், மொழி தெரியாத ஊரில் நான் என்ன செய்வேன் என்ற கவலை இருக்கிறது.

லாண்ட்ஸ்டூல் அக்கா எழுதியது:

அனுப்புவார்கள், குறிப்பாக 2022க்குப் பிறகு கிழக்கு நாடுகளுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதை நினைத்தே வீட்டை ஏற்பாடு செய்யுங்கள். வாடகையும் மின்கட்டணமும் வங்கிக் கணக்கு எண் வழியாகத்தான் போகும் என்பதால் உங்கள் பெயரும் உள்ள ஒரு ஜெர்மன் கணக்கு வேண்டும். வாடகை ஒப்பந்தம், கார், மகனின் பள்ளி ஆகியவற்றில் அவர் சார்பில் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஃபோர்ட் பிளிஸிலேயே வாங்கிவிடுங்கள். ஓட்டுநர் தேர்வை வந்த முதல் வாரங்களிலேயே நீங்களும் எழுதிவிடுங்கள். பேருந்து மணிக்கு ஒன்று வரும் கிராமத்தில் கார் ஓட்டத் தெரியாமல் குழந்தையுடன் மாட்டிக்கொண்டால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண். வீடு பார்க்கும்போது அவருக்கு முகாம் எவ்வளவு தூரம் என்பதைவிட உங்களுக்கு மருத்துவமனையும் மகனின் பள்ளியும் எவ்வளவு தூரம் என்பதைப் பாருங்கள். அவர் இல்லாத நாட்களில் ஓடப்போவது நீங்கள்தான்.

அவருடைய பிரிவு உங்களுக்கு ஒரு ஸ்பான்சரை நியமிக்கும், முன்பே வந்து வாழும் ஒரு படைவீரர். அவருடைய மனைவியின் எண்ணையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தற்காலிக விடுதியில் இருக்கும் நாட்களுக்கான படியை வந்த பிறகு 60 நாள் வரை கொடுப்பார்கள். ரசீதுகளையும் எந்தெந்த வீட்டைப் பார்த்தீர்கள் என்ற குறிப்பையும் தேதியோடு வைத்திருங்கள், கேட்பார்கள்.

திருமங்கலத்துப் பெண் எழுதியது:

குறித்துக்கொண்டேன் அக்கா. மகனின் மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது. டிடி 1278 பற்றி அவருடைய பணியாளர் பிரிவில் கேட்டபோது, அந்தப் படிவத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள். சட்டமேசை அவர்கள் எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆணை வந்ததும் என்-400 தாக்கல் செய்துவிட்டு, நேர்காணல் எப்படி நடந்தது என்று இதே இழையில் எழுதுகிறேன்.

சட்டமேசை எழுதியது:

நல்லது. என்-400 விண்ணப்பத்தில் நீங்கள் 319(பி) பிரிவின் கீழ் விண்ணப்பிக்கிறீர்கள் என்ற தேர்வைக் குறிக்க மறக்காதீர்கள். வழக்கமான மூன்று ஆண்டு வகையைத் தவறுதலாகக் குறித்தால், காலம் நிறையவில்லை என்று மறுத்துவிடுவார்கள். ஆணையின் நகலில் உங்கள் முழுப்பெயர் கிரீன் கார்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று, அச்சாகி வரும் அன்றே பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் அவர் புறப்படுவதற்கு முன் திருத்துவதுதான் எளிது.